சிந்தசைசர் கிட்டில் ஐசி பேஸ் வைக்கலாமா, வேண்டாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூரோராக் மாட்யூல் (சட்டத்தில் பக்கம் பக்கமாகப் பொருத்தும் சின்ன சிந்தசைசர் பாகம்), சின்ன மோனோ சிந்த், டிரம் மெஷின் என்று எதையாவது கிட்டாக வாங்கி வீட்டில் உட்கார்ந்து சால்டர் செய்பவர்களுக்காக இந்தப் பக்கம். ஐசியை நேரே போர்டில் சால்டர் செய்வதா, இல்லை முதலில் ஐசி பேஸை (ஐசியின் கால்களைச் செருகும் சாக்கெட்டை) சால்டர் செய்துவிட்டு அதில் ஐசியைச் செருகுவதா என்பதுதான் விஷயம். இரண்டு பக்கமும் கால் நீட்டி, துளையில் இறங்கும் ஐசிகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு. போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டும் எஸ்எம்டி ஐசிகளுக்கு இந்தக் கேள்வியே எழாது.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், பேஸ் வைக்கலாமா?

வையுங்கள். ஆனால் நல்ல பேஸாக வையுங்கள். மட்டமான பேஸ் வைப்பதைவிட ஐசியை நேரே சால்டர் செய்துவிடுவதே மேல். பேஸ் வைக்கக் கூடாத இடங்களும் சில உண்டு, அவை கீழே வருகின்றன.

ஐசி சூட்டில் செத்துவிடும் என்பதால்தானே பேஸ் வைக்கிறோம்?

பலரும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது அவ்வளவு பெரிய காரணம் இல்லை. பெரும்பாலான ஐசிகளின் டேட்டாஷீட்டைப் பார்த்தால், கால்களில் 260 °C சூட்டை 10 நொடி வரை தாங்கும் என்று போட்டிருக்கும். நாம் பயன்படுத்தும் 60/40 ஈயம் (60 சதவீதம் தகரம், 40 சதவீதம் ஈயம் கலந்த சால்டர்) 190 டிகிரிக்குள்ளேயே முழுதாக உருகிவிடும். அயர்ன் முனை 330, 350 டிகிரியில் இருந்தாலும், ஒரு காலுக்கு இரண்டு மூன்று நொடிக்கு மேல் ஆகாது. ஒரு கால் இந்த மூலை, அடுத்தது எதிர் மூலை என்று மாற்றி மாற்றி வைத்தால் சூடு சேரவே சேராது. புதிதாகக் கற்றுக்கொள்பவர் ஒரே காலில் அயர்னை வைத்துக்கொண்டு ஈயம் ஏன் ஒட்டவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தால்தான் ஆபத்து. அவருக்கு பேஸ் உதவும், உண்மைதான்.

அப்படியென்றால் உண்மையான காரணம் என்ன?

பேஸ் காப்பாற்றுவது ஐசியை அல்ல, போர்டை.

சிந்த் கிட்டில் வரும் போர்டுகள் பெரும்பாலும் இருபக்க போர்டுகள். ஒவ்வொரு துளையின் உள்சுவரிலும் மெல்லிய செம்புப் பூச்சு இருக்கும். மேல்பக்கத்து ட்ரேஸையும் (செம்புத் தடத்தையும்) கீழ்பக்கத்து ட்ரேஸையும் இணைப்பது அந்தப் பூச்சுதான். 14 கால் ஐசி ஒன்றை அப்படிப்பட்ட துளைகளிலிருந்து கழற்ற வேண்டுமானால், 14 துளையிலும் ஈயத்தை முழுதாக உறிஞ்சி எடுக்க வேண்டும். கிரவுண்டில் சேரும் கால் மட்டும் சூட்டையெல்லாம் இழுத்துக்கொண்டு ஈயத்தை விடாது. பொறுமை இழந்து ஐசியை நெம்பினால், பேட் (துளையைச் சுற்றியுள்ள செம்பு வளையம்) உரிந்துவரும், இல்லாவிட்டால் துளையின் உள்பூச்சு காலோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். அப்புறம் ஜம்பர் ஒயர் போட்டு ஒட்டுவேலை பார்ப்பதுதான். டிஎல்074 போன்ற சாதாரண ஓப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐசி) எந்தக் கடையிலும் கிடைக்கும், கிட்டின் போர்டு தனியாகக் கிடைப்பது அபூர்வம்.

இன்னொன்று, அதைவிட முக்கியம் என்று நான் நினைப்பது: கோளாறு கண்டுபிடிப்பது. கட்டி முடித்த ஃபில்டர் சத்தமே தரவில்லை என்று வையுங்கள். ரெசிஸ்டர் மாறிப் போயிருக்கலாம், ஒரு சால்டர் சரியாகப் பிடிக்காமல் இருக்கலாம், ஃபில்டரின் முக்கிய ஐசியான எல்எம்13700 போலியாக இருக்கலாம். பேஸ் இருந்தால், நன்றாக ஓடும் வேறொரு மாட்யூலிலிருந்து ஒரு எல்எம்13700-ஐக் கழற்றிப் போட்டுப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் ஐசி மேல் இருக்கும் சந்தேகம் தீர்ந்துவிடும். நேரே சால்டர் செய்திருந்தால் அந்தச் சந்தேகத்தைத் தலையில் சுமந்துகொண்டே மற்ற எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். இணையத்தில் மலிவாக வாங்கும் ஐசிகளில் போலி கலந்து வரும் இந்தக் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

யூரோராக்கில் கூடுதலாக ஓர் அபாயம் உண்டு. டோப்ஃபர் நிறுவனத்தின் ஏ-100 அமைப்பிலிருந்து வந்த வழக்கப்படி ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட் பக்கம். 10 பின் கனெக்டரைத் திருப்பிச் செருகினால் பிளஸ் 12-ம் மைனஸ் 12-ம் இடம் மாறிவிடும். மாட்யூலில் காப்பு டயோட் இல்லாவிட்டால் ஒரே நொடியில் நாலைந்து ஐசி சேர்ந்து போகும். பேஸ் இருந்தால் எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகச் செருகி விடலாம். இல்லாவிட்டால் ஐம்பது அறுபது கால்களைக் கழற்ற வேண்டும். அதில் போர்டு பிழைப்பது கஷ்டம்.

எந்த வகை பேஸ் வாங்குவது?

கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று தகடு வகை. உள்ளே வளைத்த மெல்லிய தகடு இருக்கும், அது ஐசியின் காலை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும். மேலிருந்து பார்த்தால் ஓட்டை நீள்சதுரமாகத் தெரியும். மலிவு. இன்னொன்று ரவுண்ட் பின் வகை, மெஷின் பின் என்றும் சொல்வார்கள். கடைசலில் இழைத்த வட்டக் குழல், அதற்குள் நாலு விரல் உள்ள குட்டி ஸ்பிரிங். மேலிருந்து பார்த்தால் வட்ட ஓட்டை. விலை பல மடங்கு. சென்னை ரிச்சி தெருவில் கேட்கும்போதும் இந்த வித்தியாசத்தைச் சொல்லியே கேளுங்கள், வெறும் ஐசி பேஸ் என்றால் தகடு வகையைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

தகடு வகையிலும் நல்லது உண்டு. இருபக்கமும் பிடிக்கும் தகடாக, தெரிந்த கம்பெனியின் தயாரிப்பாக இருந்தால் பல வருடம் உழைக்கும். பெயர் தெரியாத மலிவுப் பேஸில் ஒருமுறை ஐசியைக் கழற்றி மாட்டினாலே தகடு விரிந்துவிடும். அதன்பின் பிடிப்பு இருக்காது.

என் கட்சி ரவுண்ட் பின். ஒரு மாட்யூலில் அதிகம் போனால் ஐந்தாறு ஐசி, கூடுதல் செலவு கிட்டின் விலையில் கண்ணுக்கே தெரியாது. இன்னொரு வசதியும் உண்டு: குழலின் அடி மூடியிருப்பதால் சால்டர் செய்யும்போது ஈயமும் ஃபிளக்ஸும் (ஈயத்தோடு சேர்ந்து உருகும் பிசினும்) உள்ளே ஏறாது. தகடு வகையில் அடி திறந்திருக்கும், ஃபிளக்ஸ் ஏறி தொடும் இடத்திலேயே படிந்துவிடலாம்.

கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். உப்பும் ஈரமும் கலந்த காற்றில் தகரப் பூச்சுத் தகடு சீக்கிரம் மங்கும். தங்கப் பூச்சு ஸ்பிரிங் உள்ள ரவுண்ட் பின் அங்கே நன்றாகவே தாக்குப்பிடிக்கும்.

வாங்கும்போது வரிசை இடைவெளியையும் பாருங்கள். 8, 14, 16 கால் ஐசிகளுக்கு 7.62 மி.மீ. 28 காலில் இரண்டுமே உண்டு: ஏடிமெகா328 மைக்ரோகன்ட்ரோலருக்கு 7.62 மி.மீ., பழைய ஈப்ராம் மெமரி சிப்புக்கு 15.24 மி.மீ.

பேஸ் வைத்தால் ஒலி கெடுமா?

கெடாது. நல்ல ரவுண்ட் பின்னின் தொடர்பு மின்தடை பத்து மில்லி ஓம் அளவு. ஐசியைச் சுற்றி இருப்பதோ 10 ஆயிரம், ஒரு லட்சம் ஓம் ரெசிஸ்டர்கள். பக்கத்துக் கால்களுக்கிடையே பேஸ் சேர்க்கும் கெபாசிட்டன்ஸ் ஒரு பைக்கோஃபேரட் என்று வைத்துக்கொண்டாலும், 20 கிலோஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்ட 80 லட்சம் ஓம். காதுக்கு அது இல்லாத மாதிரிதான். ரேடியோ அலைவரிசையில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கவலை நியாயமானது, ஆடியோவில் இல்லை.

பேஸ் ஒலியைக் கெடுப்பது ஒரே ஒரு வழியில்தான்: தொடர்பு விட்டு விட்டு வருவது. அதற்குக் காரணம் மட்டமான பேஸ், பேஸ் என்ற பொருள் அல்ல.

அரிய ஐசிகளுக்கும் இதே பதில்தானா?

அங்கே பேச்சுக்கே இடமில்லை, பேஸ் கட்டாயம். கொமொடோர் 64 கணினியில் ஒலியை உருவாக்கிய சிட் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பாப் யானஸ் வடிவமைத்து 1982-இல் வந்தது. புதிதாகத் தயாரிப்பதில்லை, பழைய கணினிகளிலிருந்து கழற்றியதுதான் கிடைக்கும். மிடிபாக்ஸ் சிட் போன்ற, நாமே கட்டும் சிந்த் திட்டங்களில் அதைத்தான் செருகுகிறார்கள். பழைய 6581 வகைக்கு 12 வோல்ட், பின்னால் வந்த 8580 வகைக்கு 9 வோல்ட். 8580-க்கு 12 வோல்ட் கொடுத்தால் அது போய்விடும். எனவே முதலில் பேஸ், அப்புறம் காலி பேஸில் வோல்டேஜ் பார்ப்பது, அதற்கப்புறம்தான் சிப்.

இப்படிப்பட்ட ஐசிக்கு ஒரு உத்தி சொல்கிறேன். சிப்பைத் தனியாக ஒரு ரவுண்ட் பின் பேஸில் செருகி, அந்தப் பேஸோடு சேர்த்து போர்டில் இருக்கும் இன்னொரு ரவுண்ட் பின் பேஸில் செருகுங்கள். பிறகு கழற்றி மாட்டும்போதெல்லாம் தேய்வது அந்தப் பேஸின் கால்கள்தான், நாற்பது வருடப் பழைய சிப்பின் கால்கள் அல்ல.

புராஃபெட்-5 சிந்தின் மூன்றாம் பதிப்பிலும் ரோலண்ட் எஸ்ஹெச்-101-இலும் இருந்த சிஇஎம்3340 ஆசிலேட்டர் ஐசி, ஒரு காலத்தில் இதே மாதிரி அரிதாக இருந்தது. 2016-இல் மறுபடி தயாரிப்புக்கு வந்தது. லாட்வியாவின் ஆல்ஃபா நிறுவனம் செய்யும் ஏஎஸ்3340-ம் கிடைக்கிறது. கிடைக்கிறது என்றாலும் ஓப்-ஆம்ப் விலை இல்லை. அதன் 3-ஆவது காலுக்கு மைனஸ் 12 வோல்ட்டை நேரே கொடுக்கக் கூடாது, உள்ளே ஜீனர் இருப்பதால் ஒரு ரெசிஸ்டர் வழியாகத்தான் போக வேண்டும். அந்த ரெசிஸ்டர் சரியான மதிப்புதானா என்று உறுதி செய்யும் வரை ஐசி டப்பாவிலேயே இருக்கட்டும்.

பழைய டிலே, கோரஸ் சர்க்யூட்டுகளில் வரும் எம்என்3007 போன்ற பக்கெட் பிரிகேட் (ஒலியைத் தாமதப்படுத்தும்) ஐசிகளுக்கும் இதே மரியாதை கொடுங்கள்.

எங்கெல்லாம் பேஸ் வைக்கக் கூடாது?

முதலில் வோல்டேஜ் ரெகுலேட்டர். அது சூடாகும், கரன்ட் அதிகம். நேரே சால்டர் செய்யுங்கள்.

அடுத்தது உயரம். ரவுண்ட் பின் பேஸ் ஐசியை 4 மி.மீ.க்கு மேல் தூக்கிவிடும். இரண்டு போர்டுகளை முதுகோடு முதுகாக அடுக்கும் மாட்யூலில், நடுவில் இருக்கும் இடம் சுமார் 10 மி.மீ. எதிர் போர்டின் வெட்டிய கால்கள் ஐசியின் தலையில் முட்டுகிறதா என்று சால்டர் செய்வதற்கு முன்பே ஒருமுறை அடுக்கிப் பாருங்கள்.

மூன்றாவதுதான் நுட்பமானது. டிரான்சிஸ்டர் ஜோடி வைத்துக் கட்டும் ஆசிலேட்டரில், வோல்டேஜை சுருதியாக மாற்றும் பகுதி வெப்பத்தைப் பொறுத்து மாறும். அந்த டிரான்சிஸ்டர்களின் ‘பேஸ்’ என்ற காலில் (இது ஐசி பேஸ் அல்ல) ஒரு ஆக்டேவுக்கு சுமார் 18 மில்லிவோல்ட்தான். அறை வெப்பத்தில் ஒரு டிகிரிக்கு 0.33 சதவீதம் அளவு மாறும். அதாவது ஒரு ஆக்டேவ் தள்ளினால் 4 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்), ஐந்து ஆக்டேவ் தள்ளினால் 20 சென்ட் விலகல். இதைச் சரிக்கட்டத்தான் டெம்ப்கோ ரெசிஸ்டர் (வெப்பத்துக்கேற்ப மதிப்பு மாறும் ரெசிஸ்டர்) வைக்கிறார்கள். அது டிரான்சிஸ்டர் ஜோடியோடு ஒட்டிக்கொண்டு இருந்தால்தான் இரண்டும் ஒரே வெப்பத்தில் இருக்கும். ஜோடி ஒரு ஐசிக்குள் இருந்து, அதைப் பேஸில் ஏற்றினால், போர்டோடு படுத்திருக்கும் டெம்ப்கோவுக்கும் ஐசிக்கும் நடுவில் இடைவெளி விழுந்துவிடும். மின்விசிறிக் காற்று பட்டாலே சுருதி நகரும். இங்கே நேரே சால்டர் செய்வது நல்லது. பேஸ் வைத்தே தீருவேன் என்றால், டெம்ப்கோவின் கால்களை நீளமாக விட்டு ஐசியின் முதுகின் மேல் படுக்க வைத்து, நடுவில் தெர்மல் பேஸ்ட் தடவுங்கள். 3340 உள்ளுக்குள்ளேயே இதைச் சரிக்கட்டிக்கொள்ளும், அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

பேஸைத் தலைகீழாக சால்டர் செய்துவிட்டேன். கழற்றணுமா?

வேண்டாம். பேஸின் பிறை வெட்டு ஒரு அடையாளம் மட்டும்தான், மின்சாரத்துக்கு அது தெரியாது. போர்டில் வெள்ளை மையில் அச்சிட்டிருக்கும் பிறையைப் பார்த்து ஐசியைச் செருகுங்கள். பேஸின் மேல் மார்க்கரால் சரியான பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள், நாளைக்கு நீங்களே குழம்பாமல் இருக்க.

பேஸை நேராக சால்டர் செய்வது எப்படி?

எதிரெதிர் மூலைகளில் ஒவ்வொரு கால் மட்டும் முதலில் சால்டர் செய்யுங்கள். போர்டைத் திருப்பிப் பாருங்கள். பேஸ் ஒரு பக்கம் தூக்கி நின்றால், விரலால் மேலிருந்து அழுத்திக்கொண்டு அந்தக் காலை மறுபடி சூடாக்கினால் டக்கென்று உட்காரும். அழுத்தும் விரல், சூடாக்கும் காலின் மேல் இருக்க வேண்டாம், சுடும். நேராக உட்கார்ந்ததும் மிச்சக் கால்கள்.

போர்டைக் கழுவும் பழக்கம் உள்ளவர்கள் ஒன்று கவனியுங்கள். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் ஃபிளக்ஸ் கரைந்து, அந்தக் கரைசல் பேஸுக்குள் இறங்கி, ஆல்கஹால் ஆவியானதும் ஃபிளக்ஸ் மட்டும் உள்ளே தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம், தொடர்பை அறுக்க அது போதும். முழு போர்டையும் முக்காதீர்கள். சால்டர் பக்கத்தை மட்டும் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, துணியில் ஒற்றி எடுங்கள்.

ஐசியைச் செருகுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

எல்லா ஐசியும் வெளியே இருக்கும்போது பவர் கொடுத்து, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டில் வைத்து, ஒவ்வொரு பேஸின் பவர் கால்களையும் அளந்து பாருங்கள். டிஎல்072-க்கு 8-இல் பிளஸ் 12, 4-இல் மைனஸ் 12. டிஎல்074-க்கு 4-இல் பிளஸ், 11-இல் மைனஸ். எல்எம்13700-க்கு 11-இல் பிளஸ், 6-இல் மைனஸ். சிடி40106 போன்ற சிமாஸ் ஐசிக்கு 14-இல் பிளஸ், 7 கிரவுண்டாக இருக்கும், டிசைனைப் பொறுத்து மைனஸாகவும் இருக்கலாம். எல்லாம் சரி என்றால் பவரை நிறுத்தி, கேபிளைக் கழற்றிவிட்டு, ஐசியைச் செருகுங்கள். பேஸ் வைப்பதன் பாதிப் பலன் இந்த அளவெடுப்பில்தான் இருக்கிறது.

மீட்டர் முனையை ரவுண்ட் பின்னின் ஓட்டைக்குள் திணிக்காதீர்கள், ஸ்பிரிங் விரிந்துவிடும். விளிம்பைத் தொட்டாலே போதும். சதுரமான 0.64 மி.மீ. ஹெடர் பின்னையும் இந்த ஓட்டைகளில் செருகக் கூடாது, காரணம் அதேதான்.

ஐசி பேஸுக்குள் இறங்க மாட்டேன் என்கிறது.

புது ஐசியின் கால்கள் வெளிப்பக்கம் கொஞ்சம் விரிந்தே வரும். ஐசியைப் பக்கவாட்டில் மேசையில் வைத்து, ஒரு வரிசைக் கால் முழுவதும் மேசையில் படும்படி மெதுவாக உருட்டி அழுத்துங்கள். அப்புறம் மறுபக்கம். இரண்டு வரிசையும் உடம்புக்கு நேர் செங்குத்தாக வந்துவிட்டால் ஐசி தானாக இறங்கும்.

அழுத்துவதற்கு முன் எல்லாக் காலும் ஓட்டையின் மேல் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் குனிந்து பாருங்கள். ஒரு கால் மட்டும் உள்பக்கமாக மடங்கி ஐசியின் வயிற்றுக்கடியில் போய்விடுவது அடிக்கடி நடக்கும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக உட்கார்ந்த மாதிரியே இருக்கும். புதுக் கிட் ஓடாவிட்டால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கழற்றும்போது விரலால் இழுக்காதீர்கள். ஒரு முனை சட்டென்று எழும்பி, மறுமுனைக் கால்கள் வளைந்துவிடும், விரலிலும் குத்தும். சின்ன தட்டை ஸ்க்ரூடிரைவரை ஐசிக்கும் பேஸுக்கும் நடுவில் விட்டு, இந்த முனையில் கொஞ்சம், அந்த முனையில் கொஞ்சம் என்று தூக்குங்கள். பேஸுக்கும் போர்டுக்கும் நடுவில் விட்டுவிட்டால் ட்ரேஸ் போய்விடும்.

சில மாதம் நன்றாக ஓடியது, இப்போது கரகரவென்கிறது. பேஸ்தான் காரணமா?

இருக்கலாம். பவர் நிறுத்தி, ஒவ்வொரு ஐசியையும் மேலிருந்து அழுத்திப் பாருங்கள். சின்ன நறநற சத்தத்தோடு ஏதாவது ஒன்று இறங்கினால் அதுதான். சூடாகி ஆறி, சூடாகி ஆறி ஐசி கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிவிடும். 1980-இல் வந்த ஆப்பிள் III கணினியில் இது பெரிய தலைவலியாகி, கணினியைச் சில அங்குலம் தூக்கிக் கீழே போட்டால் சிப்கள் மறுபடி உட்காரும் என்று சொல்லும் அளவுக்குப் போனது. சிந்தை அப்படிப் போட வேண்டாம். ஐசியை முழுதாகக் கழற்றி இரண்டு மூன்று முறை செருகி எடுத்தால், கால்களின் மேல் படிந்த ஆக்சைடு உரசலில் போய்விடும். அதற்கும் சரியாகாவிட்டால் பேஸை மாற்றுங்கள், காலத்துக்கும் அழுத்திக்கொண்டிருக்காதீர்கள்.

மேடையில் வாசிக்கிறேன், வண்டியில் ஏற்றி இறக்குகிறேன். அப்போதும் பேஸா?

ரவுண்ட் பின் என்றால் தாராளமாக. பெரிய 40 கால் ஐசிகள் குலுக்கலில் நகரும் என்று பயமிருந்தால், ஒரு மெல்லிய நைலான் டையை ஐசியையும் பேஸையும் சேர்த்துச் சுற்றிவிடலாம், பேஸின் நடுவில் திறப்பு இருந்தால்.

பேஸ் இருப்பதால் ஓப்-ஆம்பை மாற்றி மாற்றிப் போட்டு ஒலியை மேம்படுத்தலாமா?

செய்து பார்க்கலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம். டிஎல்072-க்கு பதில் என்இ5532 போட்டால் கால் அமைப்பு ஒன்றுதான், செருகியதும் ஓடும். ஆனால் 5532 இரண்டு மூன்று மடங்கு கரன்ட் குடிக்கும், அதன் உள்ளீட்டு பயாஸ் கரன்ட்டும் மிக அதிகம். பெரிய ரெசிஸ்டர்கள் உள்ள இடத்தில் டிசி ஆஃப்செட் (சிக்னலோடு சேரும் வேண்டாத நிலையான வோல்டேஜ்) வந்துவிடும். சாம்பிள் அண்ட் ஹோல்ட் சர்க்யூட்டில் போட்டால், பிடித்து வைத்த வோல்டேஜ் கசிந்து சுருதி வழுக்கிக்கொண்டே போவது காதிலேயே கேட்கும். கடைசி அவுட்புட் நிலையில் மட்டும் முயன்று பாருங்கள்.

டிரான்சிஸ்டர், கெபாசிட்டருக்கும் பேஸ் வைக்கலாமா?

சோதிக்கும் வரை வைக்கலாம். ஒற்றை வரிசை ரவுண்ட் பின் பட்டையிலிருந்து இரண்டு மூன்று பின்னை வெட்டி எடுத்து, ஃபில்டரின் கெபாசிட்டர் இடத்தில் சால்டர் செய்தால், வேறு வேறு மதிப்புகளைச் செருகி எது காதுக்குப் பிடிக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். முடிவானதும் நேரே சால்டர் செய்துவிடுங்கள்.

பேஸ் இல்லாமல் சால்டர் செய்துவிட்டேன், ஐசி செத்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

ஐசியைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், அது ஏற்கெனவே போய்விட்டது. கூர்மையான கட்டரால் ஒவ்வொரு காலையும் ஐசியின் உடம்பை ஒட்டி வெட்டுங்கள். உடம்பு தனியாக வந்துவிடும், போர்டில் கால்கள் மட்டும் குச்சி குச்சியாக நிற்கும். ஒவ்வொன்றையும் ட்வீசரால் பிடித்துக்கொண்டு, பின்பக்கமிருந்து அயர்னை வைத்தால் கால் வழுக்கிக்கொண்டு வரும், இழுக்கத் தேவையில்லை. வராவிட்டால் கொஞ்சம் புது ஈயம் சேர்த்து மறுபடி சூடாக்குங்கள். எல்லாக் காலும் வந்த பிறகு, துளைகளில் அடைத்திருக்கும் ஈயத்தை டீசால்டரிங் பம்ப்பால் உறிஞ்சி எடுங்கள். துளைகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், எல்லாவற்றிலும் வெளிச்சம் தெரிய வேண்டும். அப்புறம் ஒவ்வொரு பேடும் அதன் ட்ரேஸோடு இன்னும் சேர்ந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரின் பீப் வைத்துச் சோதித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு ரவுண்ட் பின் பேஸை சால்டர் செய்யுங்கள்.